என் பிரேக்கில் நின்ற மச்சினன்

எங்கள் ஊரில் பிரேக் வீணாகப் போவதில்லை. மிதித்து வண்டி நிற்கவில்லை என்றால் வேறு ஏதோ ஒன்று நின்றிருக்கிறது என்று அர்த்தம். மலையில் குடியிருக்கிற எல்லோருக்கும் இது தெரியும். வண்டியின் நிறுத்தம் அந்த இன்னொன்று இருக்கிற இடத்துக்குப் போய்விடும். அங்கே இருக்கிற காற்று அதற்குப் பதிலாகப் பிரேக் குழாய்க்குள் வந்துவிடும். அதற்குப் பிறகு மிதியை அழுத்தினால் தலையணையில் கால் வைத்த மாதிரி இறங்கும்.

போன வருடம் தலைமை ஆசிரியரின் ஜீப், பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் பாலைப் பொங்கவிடாமல் நிறுத்தி வைத்திருந்தது. அவர் அதைச் சரி செய்கிறவரை ஊர் கடுங்காப்பி குடித்தது. அதற்கு முந்தி ஓர் எஸ்டேட் லாரி ஒரு கல்யாணப் பேச்சை நிறுத்தி வைத்திருந்தது. லாரிக்குப் பிரேக் ஆயில் மாற்றியதும் பேச்சு விட்ட இடத்திலிருந்து, "அப்ப நகை விஷயம்" என்று தொடங்கியது.

என் கார் நிறுத்தியது என் மச்சினனை.

காலையில் மூன்றாம் வளைவில் ஓர் ஆடு குறுக்கே வந்தது. மிதித்தேன். மிதி தரையைத் தொட்டது. ஆடு தன் சொந்த முயற்சியில் பிழைத்துக்கொண்டது. கார் ஒரு கொய்யாத் தோட்டத்து வேலியில் சாய்ந்து நின்றது. நான் இறங்கி ஆட்டைத் திட்டினேன். அது கொஞ்ச நேரம் நின்று கேட்டுவிட்டுப் போனது. நான் திட்டினால் பெரும்பாலும் எல்லோரும் நின்று கேட்பார்கள். மாட்டுத் தரகில் ஆரம்பித்துப் பழைய வண்டி வாங்கி விற்கிற வரைக்கும் வந்தவன் நான். குரல் இல்லாமல் வந்திருக்க முடியாது.

மிதியைத் திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டே நடை வேகத்தில் பிலோமியின் ஷெட்டுக்குப் போனேன். ஊரில் பிரேக் வேலை பார்ப்பவள் பிலோமி. என்னைவிட வாய் நீளம். எங்கள் இருவருக்கும் அது பற்றி ஒரு மரியாதை உண்டு.

"எத்தன தடவ மிதிச்சா கெட்டியாகுது?" என்றாள்.

"ரெண்டு, மூணு."

"கெட்டியானதும் அப்படியே மிதிச்சுப் புடிச்சா மெல்ல உள்ள எறங்குதா?"

"எறங்கல. நிக்குது."

"அப்ப மாஸ்டர் சிலிண்டர் நல்லாருக்கு. நீங்கதான் கெட்டுப் போயிருக்கீங்க. எறங்குங்கண்ணே."

ஆயில் கப்பைத் திறந்து பார்த்தாள். அளவு சரியாக இருந்தது. ஒவ்வொரு சக்கரத்துக்குப் பின்னாலும் விரலை விட்டுத் தடவினாள். விரல் உலர்ந்து வந்தது. என்னை மறுபடி ஏறி மிதிக்கச் சொல்லிவிட்டு ரப்பர் ஓஸைக் கையில் பிடித்துப் பார்த்தாள். அது உப்பவில்லை.

"ஒழுக்கும் இல்ல, உப்பலும் இல்ல. காத்து புகுந்திருக்கு. யார் காத்துன்னு பாக்கணும்."

பின்பக்க இடது சக்கரத்தில் ஏர் எடுக்கிற நிப்பிளில் ஒரு டியூபை மாட்டி, டியூபின் மறுமுனையை ஆயில் ஊற்றிய பாட்டிலுக்குள் விட்டாள். நிப்பிளை லேசாகத் திருகியதும் ஒரே ஒரு குமிழி வந்தது. பாட்டிலை மூக்குக்குக் கிட்டே கொண்டுபோய் முகர்ந்தாள்.

"பாசி வாசம். தண்ணித் தொட்டிப் பக்கத்துக் காத்து. கூடவே பீடி." இன்னொரு முறை முகர்ந்தாள். "உங்க மச்சினன் எங்க?"

"போன்ல திட்டுனதுலேர்ந்து அவன்கூட எனக்குப் பேச்சு இல்ல."

"பேச்சு எதுக்கு? ஆளு எங்கன்னு கேட்டேன்."

அதற்குள் என் மனைவி போதுமணி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்துவிட்டாள். பட்டுச் சேலை கட்டியிருந்தாள். "ஒச்சு தண்ணித் தொட்டிகிட்ட அந்தரத்துல இருக்கான்," என்றாள். "நீங்க எங்கயாச்சும் பிரேக்கப் போட்டீங்களா?"

"ஆடு வந்துச்சு."

"சரி," என்றாள்.

அவள் பட்டுச் சேலை கட்டியிருந்ததற்குக் காரணம், அன்று எங்கள் வர்ஷிகாவுக்குக் காதுகுத்து. மலை அடிவாரத்தில் இருக்கிற எங்கள் குலசாமி கோயிலில், உச்சிப் பொழுதுக்கு முன்னால். குழந்தைக்கு நடந்துகொண்டிருந்த ஒற்றைப்படை மாதம் அன்றோடு முடிகிறது. எங்கள் வகையறாவில் அந்த மாதம் தவறினால் காது ஊசியை ஏற்காது. என் தங்கைக்கு அப்படித்தான் ஆனது. ஊசி கிட்டே வந்ததும் காது நகர்ந்துகொண்டது. அவள் இன்றுவரை தோட்டைக் கைக்குட்டையில் முடிந்துதான் வைத்திருக்கிறாள்.

காது குத்த வேண்டுமென்றால் தாய்மாமன் மடியில் குழந்தை உட்கார வேண்டும். போதுமணிக்கு உடன்பிறந்தவன் ஒச்சப்பன் ஒருவன்தான். ஆகவே வேறு மடி கிடையாது.

காரை மெல்ல உருட்டிக்கொண்டு தண்ணித் தொட்டிக்குப் போனோம். ஒச்சப்பன் மைக்செட் கட்டுகிறவன். வாலிபால் போட்டிக்காகத் தொட்டி உச்சியில் புனல் ஸ்பீக்கர் கட்டிக்கொண்டிருந்தபோது கால் வழுக்கியிருக்கிறது. விழுந்துகொண்டிருக்கையில் என் பிரேக் வந்து சேர்ந்திருக்கிறது. தொட்டிக்கும் தரைக்கும் நடுவில் நின்றுவிட்டான். உட்காருகிற வாக்கில் விழுந்திருந்ததால் நாற்காலியில் இருப்பவனைப் போல இருந்தான். தோளில் வயர் சுருள். கீழே இரண்டு பெண்கள் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு அவனிடம், மோட்டார் அறையில் ஆள் இருக்கிறானா என்று பார்த்துச் சொல்லச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"இருக்கான், தூங்குறான்," என்றான் ஒச்சப்பன்.

பிலோமி அண்ணாந்து அவன் காலுக்கும் தரைக்கும் இருக்கிற இடைவெளியைக் கண்ணால் அளந்தாள். பிறகு காரைப் பார்த்தாள். "சரியா இருக்கு. அவர் காலுக்குக் கீழ இருக்க வேண்டிய காத்துதான் உங்க குழாய்ல இருக்கு. கொஞ்சங் கொஞ்சமா எடுத்தா கொஞ்சங் கொஞ்சமா எறங்குவார். ஒரேயடியா எடுத்தா, விழுந்துக்கிட்டிருந்த மிச்சத்தையும் விழுந்து முடிச்சிருவார்."

நான்கைந்து பேர் சேர்ந்து காரை அவனுக்குப் பக்கவாட்டில் தள்ளி நிறுத்தினோம். எட்ட நின்று இறக்கினால் எந்த ஊரில் இறங்குவான் என்று சொல்ல முடியாது என்றாள் பிலோமி.

"என்ன மாப்ள," என்றேன் மேலே பார்த்து. "காதுகுத்த வச்சுக்கிட்டுத்தான் உனக்கு ஸ்பீக்கர் கட்டணுமா?"

"எனக்கு யாரு காதுகுத்துன்னு சொன்னா?"

"போன் பண்ணேன்ல."

"பண்ணீங்க. முக்கால்வாசி திட்டு. கடைசியில டவர் போயிருச்சு. கூப்பிட்டது அந்தக் கடைசியிலதான் இருந்துச்சோ என்னமோ."

குடம் வைத்திருந்த பெண் ஒருத்தி சிரித்தாள். எனக்குக் கோபம் வந்தது. வந்ததை வைத்துக்கொண்டு காரில் ஏறி உட்கார்ந்தேன்.

ஏர் எடுப்பது இரண்டு பேர் வேலை. ஒருவர் மிதிக்க வேண்டும், ஒருவர் திறக்க வேண்டும். பிலோமி பின் இடது சக்கரத்தில் ஆரம்பித்தாள். சிலிண்டருக்குத் தூரமாக இருக்கிற சக்கரம் முதலில், கிட்டே இருப்பது கடைசியில். அவள் சக்கரத்துக்குப் பின்னால் படுத்திருந்ததால் குரல் மட்டும் வந்தது.

"மிதிங்க."

"மிதிச்சாச்சு."

"புடிங்க. நான் சொல்ற வரைக்கும் கால எடுக்காதீங்க."

நிப்பிளைத் திறந்தாள். மிதி என் காலோடு கீழே போனது. பாட்டிலில் குமிழிகள் எழுந்தன. மேலே ஒச்சப்பன் ஒரு கை அளவு இறங்கினான். நிப்பிளை மூடினாள்.

"இப்ப விடுங்க."

விட்டேன். அவன் அங்கேயே நின்றான்.

இப்படியே போனது. மிதி, பிடி, திற, மூடு, விடு. வேறு சத்தம் இல்லை. தொட்டியிலிருந்து சொட்டுகிற தண்ணீர்கூட அவளுடைய சொல்லுக்குக் காத்திருந்து விழுந்தது. வெயில் மூடுபனிக்குள் பால் விட்ட மாதிரி பரவிக் கிடந்தது. ஒச்சப்பன் பூவரச மரத்தின் உச்சியைத் தாண்டி, நடுக்கிளையைத் தாண்டி, கார் கூரைக்குக் கொஞ்சம் மேலே வந்துவிட்டான். அவனுடைய செருப்பு எனக்குத் தெரிந்தது. வலது செருப்பில் வார் மாற்றியிருந்தான்.

அப்போதுதான் அவன் சொன்னான்: "மச்சான், பதமா மிதிங்க. இது என்ன, எங்கக்காவா?"

நான் காலை எடுத்துவிட்டு ஜன்னல் வழியாகத் தலையை வெளியே நீட்டினேன். "என்னடா சொன்ன?"

நிப்பிள் திறந்திருந்தது. டியூப் ஒரு தடவை உறிஞ்சியது. பாட்டில் காலியாகி, அதற்குப் பின் வெளிக்காற்றும் குழாய்க்குள் போனது. ஒச்சப்பன் நேராக மேலே போனான். பூவரச மரத்தைத் தாண்டி, முதலில் நின்ற இடத்தையும் தாண்டி, தொட்டி உச்சிக்கே போய் நின்றான். போனதற்குப் போனோம் என்று, பாதியில் விட்டிருந்த ஸ்பீக்கர் வயரை இழுத்து முடிச்சுப் போட்டான்.

பிலோமி சக்கரத்துக்குப் பின்னாலிருந்து வந்தாள். முகத்தில் ஆயில் தெறித்திருந்தது. முந்தானையால் துடைத்தாள்.

"கால எடுக்காதீங்கன்னு சொன்னேனா இல்லையா?"

"அவன் சொன்னது உனக்குக் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு. ஊருக்கே கேட்டுச்சு. புதுசா ஒண்ணும் சொல்லலையே." கப்பைத் திறந்து ஆயிலை ஊற்றினாள். "இன்னொரு தரம் விட்டீங்கன்னா கப்பு வத்திரும். வத்துனா மேல இருந்தும் காத்து ஏறும். அப்புறம் அவரு மழை மேகத்துக்கு மேல போயிருவாரு. அங்க இருந்து ஆள எறக்க எங்கிட்ட ஸ்பேனர் இல்ல."

போதுமணியைப் பார்த்தேன். காருக்கு முன்னால் நின்று, கண்ணாடி வழியாக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். குழந்தை அவள் தாலிக்கொடியை வாயில் வைத்திருந்தது. அடிவாரத்திலிருந்து காது குத்துகிற ஆசாரி போன் செய்தார். ஊசி தூங்கப் பார்க்கிறது, எவ்வளவு நேரம் முழிக்க வைக்க முடியும் என்று தெரியவில்லை என்றார்.

மறுபடியும் ஆரம்பித்தோம். இந்த முறை நான் வாயை மூடிக்கொண்டேன். அவன் மேலே இருந்து ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்தான். அதையும் கேட்டுக்கொண்டேன். மிதி, பிடி, திற, மூடு, விடு. ஆயில் தீருவதற்குள் பிலோமி கப்பை நிரப்பினாள். பின் இடது முடிந்து பின் வலதுக்குப் போனாள். செருப்பு வந்தது, முழங்கால் வந்தது, மடியும் வந்தது. அவன் முகம் என் ஜன்னலுக்கு நேரே வந்ததும் நின்றது.

"மிதிங்க," என்றாள் பிலோமி.

மிதித்தேன். குமிழி வரவில்லை. அவன் இறங்கவில்லை.

"அவரு மூச்சப் புடிச்சு வச்சிருக்காரு," என்றாள். "அவரு விடலைன்னா இது வராது."

"எனக்கு இந்த உயரம் போதும் மச்சான்," என்றான் ஒச்சப்பன். "நல்லா காத்து வருது. நீங்க மாடசாமி மடியக் கேட்டுப் பாருங்க."

"மாடசாமி உனக்குப் பங்காளிடா. எம்பொண்டாட்டிக்கு உடம்பொறந்தவனா?"

"அதத்தான் நானும் சொல்றேன். எங்கக்காவுக்குக் கூடப் பொறந்தவன் நான் ஒருத்தன்தான். இன்னிக்கு மட்டும் அது ஞாபகம் வருது."

திட்டு நாக்கு நுனி வரைக்கும் வந்தது. காலை எடுக்கவில்லை.

"என்ன வேணும் உனக்கு?"

"அக்காட்ட நீங்க கத்தக் கூடாது."

"அது என் தொண்ட."

"இது என் மடி."

குடத்துப் பெண்கள் குடத்தை எடுக்காமல் நின்றார்கள். இது வாயால் பேசித் தீருகிற விஷயம் இல்லை என்று எனக்குப் பட்டது. மாட்டுச் சந்தையில் விலையை வாயால் சொல்ல மாட்டோம். இரண்டு பேர் கையையும் கோத்து மேலே துண்டைப் போட்டுவிட்டு விரலைப் பிடித்துப் பேசுவோம். ஒரு விரல் பிடித்தால் ஒன்று, மடக்கினால் அரை. சுற்றி நிற்பவனுக்கு எதுவும் தெரியாது. துண்டுக்குள் யாரும் கத்தவும் முடியாது.

கழுத்திலிருந்த துண்டை எடுத்து ஜன்னலுக்கு வெளியே நீட்டினேன். ஒச்சப்பன் அதைப் பார்த்தான். கையைத் துண்டுக்குள் விட்டான். அவன் கை குளிர்ந்திருந்தது, மேலேயே இருந்ததால்.

"கத்தாத நாளு, வாரத்துக்கு," என்றான். அதோடு வாயை மூடிக்கொண்டான்.

என் ஐந்து விரலையும் மொத்தமாகப் பிடித்தான், பிறகு இரண்டை. முழு வாரமும் கேட்கிறான். நான் அவன் சுண்டு விரலை மட்டும் பிடித்தேன். அவன் கையை உதறினான். உதறினால் எழுந்து போகிறேன் என்று பொருள். ஆனால் போக அவனுக்கு இடம் இல்லை. திரும்பப் பிடித்தான். நான் இரண்டு கொடுத்தேன். அவன் ஆறுக்கு இறங்கினான். நான் மூன்றில் நின்றுகொண்டு அவன் கட்டை விரலை அழுத்தினேன். இது என் கடைசி என்று சொல்வதற்கு அழுத்துவது. நான் எப்போதும் இரண்டு தடவை அழுத்துவேன், முதல் தடவை பொய். அது அவனுக்கு எப்படித் தெரிந்தது என்று தெரியவில்லை. அவனும் அழுத்தினான்.

என் கால் மிதியின் மேலேயே இருந்தது. காருக்கு முன்னால் போதுமணி துண்டைப் பார்க்கவில்லை. வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள். சந்தையில் மாடுகூட அப்படித்தான் பார்க்கும். ஆனால் காது இங்கே இருக்கும். அவள் மூச்சு விடுவது கண்ணாடிக்கு இந்தப் பக்கம் எனக்குத் தெரிந்தது. பாதியில் அதுவும் நின்றிருந்தது. அது என் பிரேக் இல்லை.

நான் நாலைக் கொடுத்தேன். பிறகு, எதற்கென்று தெரியாமல், ஐந்தைக் கொடுத்தேன். அவன் ஐந்துக்கு மேல் இன்னொரு விரலை மடக்கிப் பிடித்தான். ஐந்தரை.

துண்டை எடுத்தேன். பேரம் முடிந்துவிட்டது என்று எல்லோருக்கும் தெரிந்தது. எதற்கு முடிந்தது என்று எங்களுக்கு மட்டும் தெரியும். போதுமணி குழந்தையை ஓர் இடுப்பிலிருந்து மறு இடுப்புக்கு மாற்றினாள்.

ஒச்சப்பன் மூச்சை விட்டான். பாட்டில் முழுக்கக் குமிழி பொங்கியது. பிலோமி முன் இடது முடித்து, முன் வலதுக்கு வந்தாள். கடைசிக் குமிழி கடுகளவு இருந்தது. அது வெளியே போனதும் அவனுடைய செருப்பு தரையைத் தொட்டது. உட்கார்ந்த வாக்கில் இருந்ததால், நிறுத்தம் விட்டதும், காலையிலிருந்து பாக்கி இருந்த விழுகையைப் பின்பக்கமாக விழுந்து முடித்தான். பெரிய விழுகை இல்லை. மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்தான்.

நான் மிதித்துப் பார்த்தேன். மிதி பாதியிலேயே கல்லாக நின்றது.

"இனிமே இது உங்க காரு மட்டுந்தான்," என்றாள் பிலோமி, பாட்டிலை மூடிக்கொண்டே.

எல்லோரும் ஏறினோம். ஒச்சப்பன் முன்னால் உட்கார்ந்தான். ஒவ்வொரு வளைவிலும் மிதித்தேன். ஒவ்வொரு வளைவிலும் கார் நிதானித்தது. நாங்கள் கீழே இறங்க இறங்கப் பனி எங்களை விட்டுவிட்டு மேலேயே தங்கிவிட்டது. பாறைகள் வழி விட்டு நின்றன. யாரும் பேசவில்லை. ஒருவர் பேசாமல் இருப்பதை மற்றவர்கள் தப்பாக எடுத்துக்கொள்ளாத மாதிரியான ஒரு பயணம். அப்படி ஒன்று இந்தக் காரில் நடந்ததாக எனக்கு நினைவில்லை.

கோயிலில் ஆசாரி ஊசியைக் கன்னத்தில் தட்டி எழுப்பிக்கொண்டிருந்தார். "இவ்வளவு நேரமா?" என்றார். "சூரியன் தலைக்கு வந்திருச்சு. இப்படி வந்தா எப்படி?"

நான் வாயைத் திறந்தேன். ஒச்சப்பனைப் பார்த்தேன்.

"இன்னிக்கு அதுல சேருமா?" என்று கேட்டேன்.

"சேரும்," என்றான்.

மூடிக்கொண்டேன். "ஆடு வந்துருச்சுங்க," என்றேன் ஆசாரியிடம். அவர் சரி என்றார்.

ஒச்சப்பன் மரத்தடியில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். போதுமணி வர்ஷிகாவை அவன் மடியில் வைத்தாள். வைக்கும்போது தம்பியின் தலையில் ஒட்டியிருந்த பாசியை எடுத்துப் போட்டாள். ஆசாரி சந்தனத்தால் காதில் புள்ளி வைத்தார். காது நகரவில்லை. ஊசி உள்ளே போய் அந்தப் பக்கம் வந்தது. பிறகு அடுத்த காது.

குழந்தை அழவில்லை. மலை அழுதது.

முதலில் உச்சியில் சிணுங்கியது. பிறகு அடிவாரம் வரைக்கும் விம்மல் இறங்கி வந்தது. வர்ஷிகா மாமன் சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டு, யார் அழுகிறது என்று திரும்பிப் பார்த்தாள். போதுமணி எழுந்து போய் மலையின் அருகில் நின்று, உள்ளங்கையால் பாறையைத் தட்டிக்கொடுக்க ஆரம்பித்தாள். "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல, முடிஞ்சிருச்சு," என்றாள். காது குத்தியதும் வாயில் போடுவதற்காகச் சர்க்கரை கொண்டுவந்திருந்தோம். ஒச்சப்பன் தட்டை என் பக்கம் தள்ளினான். ஒரு பிடி எடுத்துக்கொண்டு போய், மலை வாய் திறந்திருந்த இடத்தில் போட்டேன். அந்த ஒரு பிடி மலையின் நாக்கில்கூட ஒட்டியிருக்காது. விம்மல் கூடியது.

கோயிலுக்கு எதிரே மளிகைக் கடை இருந்தது. சர்க்கரை மூட்டை இருக்கிறதா என்று கேட்டேன்.

"மலைக்கா?" என்றார் கடைக்காரர்.

"ஆமா."

"மலைக்குன்னா வெல்லம் எடுத்துட்டுப் போங்க. சப்பிக்கிட்டே தூங்கிரும்."

வெல்லம் நல்ல வெல்லம்தான். ஆனால் அவர் சொன்ன விலை அதிகம். நான் துண்டை எடுத்து அவர் கைமேல் போட்டேன்.